பழுதான மைக்ரோவேவ் ஓவன்: சரிசெய்வதா, புதியது வாங்குவதா?

மைக்ரோவேவ் ஓவன் ஓடாமல் நின்றுவிட்டால், "வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று?" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் கேள்வி. "சரிசெய்ய எவ்வளவு கேட்பார்கள்?" என்பது அடுத்தது. இந்த இரண்டுக்கும் முன்னால், எந்தப் பகுதி பழுதாகியிருக்கிறது என்று கேட்டாக வேண்டும். எட்டு ஆண்டுகள் உழைத்த ஓவன் ஒரு சிறிய ஃபியூஸ் போனதால் மட்டுமே நின்றிருக்கலாம்; வாங்கி இரண்டே ஆண்டுகள் ஆன ஓவனின் கதவு நெளிந்து, இனி ஒரு முறைகூட ஓட்டக் கூடாத நிலைக்கு வந்திருக்கலாம். பழுது எங்கே என்று தெரியாமல் வயதையும் விலையையும் வைத்து எடுக்கும் முடிவு நல்ல பொருளைத் தூக்கி எறியவும் செய்யும், ஆபத்தான பொருளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் செய்யும்.

ஓவனை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் யோசிப்பது எளிதாகும். முதலாவது கூடு, அதாவது உணவு வைக்கும் உள்ளறையும் அதை மூடும் கதவும். இரண்டாவது உயர் மின்னழுத்தப் பகுதி. டிரான்ஸ்ஃபார்மர், கப்பாசிட்டர், டயோடு, நுண்ணலைகளை உண்டாக்கும் மேக்னெட்ரான் ஆகியவை இதில் அடங்கும். எஞ்சியவை எல்லாம் மூன்றாவது: ஃபியூஸ், கதவு சுவிட்சுகள், தட்டைச் சுழற்றும் மோட்டார், விசிறி, விளக்கு, பட்டன் பேனல், கன்ட்ரோல் போர்டு. கூடு கெட்டால் புதியது வாங்க வேண்டும் என்பதும், மூன்றாவது பகுதியில் எது கெட்டாலும் முதலில் சரிசெய்யப் பார்க்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. நடுவில் இருக்கும் உயர் மின்னழுத்தப் பகுதிக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

மூடியை நீங்களே கழற்றாதீர்கள்

மிக்ஸியையும் இஸ்திரிப் பெட்டியையும் வீட்டிலேயே கழற்றிப் பார்த்துப் பழகியவர்கள் நம்மில் பலர். அந்தப் பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்தானது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை ஓவனுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஏறத்தாழ 2,000 வோல்ட்டாக உயர்த்துகிறது. கப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை மேலும் உயர்த்தி, மேக்னெட்ரானுக்கு ஏறத்தாழ 4,000 வோல்ட்டைக் கொடுக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கக் கூடும். அதை வடிப்பதற்கென்று உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருந்தாலும், அதுவே பழுதாகியிருக்க வாய்ப்புண்டு.

மெயின் போர்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்ற தைரியமும் உதவாது. உயர் மின்னழுத்தச் சுற்று வீட்டு மின்சுற்றிலிருந்து பிரிந்து, ஓவனின் உலோகக் கூட்டுடன் இணைந்திருக்கிறது. அங்கே கை பட்டால் பாயும் மின்சாரம் அந்தக் கூட்டின் வழியாகவே சுற்றித் திரும்பிவிடுவதால், வெளியே இருக்கும் ஆர்சிசிபி அதை உணர்வதே இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் உங்கள் பங்காகச் சொல்லப்படுவன எல்லாம் மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்து செய்யக்கூடியவை மட்டுமே.

மெக்கானிக்கை அழைப்பதற்கு முன்

ஓவன் முழுவதுமாகச் செத்ததுபோல் கிடந்தால், அதே சாக்கெட்டில் வேறொரு பொருளைப் போட்டுப் பாருங்கள். பிளக்கின் கம்பிகள் கறுத்திருக்கின்றனவா, சாக்கெட் உருகியிருக்கிறதா என்று கவனியுங்கள். சூடான காற்றைச் சுழற்றி கேக் முதலியவற்றையும் வேகவைக்கும் கன்வெக்ஷன் ஓவன்கள் 2,000 வாட்டுக்கும் மேல் இழுப்பவை. அவற்றை 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலோ ஓட்டினால் ஓவனுக்கு முன்னால் சாக்கெட்தான் கெடும். 16 ஆம்பியர் சாக்கெட்டும் சரியான எர்த் இணைப்பும் இல்லாமல் எந்த ஓவனையும் ஓட்டக் கூடாது.

திரையில் வெளிச்சம் இருந்தும் பட்டன்கள் வேலை செய்யவில்லை என்றால், சைல்டு லாக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நேரம் ஓடுகிறது, ஆனால் உணவு சூடாகவில்லை என்றால், கடைகளில் காட்டுவதற்காகச் சில மாடல்களில் வைத்திருக்கும் டெமோ முறை தவறுதலாக இயங்கியிருக்கக் கூடும். இரண்டையும் நீக்கும் வழி கையேட்டில் இருக்கும். மெக்கானிக் வந்தாலே விசிட்டிங் சார்ஜ் உண்டு என்பதால், இந்தச் சோதனைகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது நல்லது.

அறிகுறிகளிலிருந்து பழுதை அறிவது

தட்டு சுழலவில்லை, ஆனால் சூடாகிறது என்றால் கவலை வேண்டாம். தட்டின் அடியிலுள்ள பிளாஸ்டிக் பிடிப்பு உடைந்திருக்கும், அல்லது சிறிய மோட்டார் நின்றிருக்கும். இரண்டும் விலை குறைந்தவை. மோட்டார்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தாலும் 21 வோல்ட், 30 வோல்ட், 220 வோல்ட் என்று வேறுபடும். பழைய மோட்டாரில் பொறித்திருக்கும் அளவைப் பார்த்தே புதியதை வாங்க வேண்டும்.

உள்ளே தீப்பொறி பறந்தால் பலரும் ஓவன் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம், உள்ளறையின் பக்கச் சுவரில் அட்டைபோல் தெரியும் மைக்கா ஷீட்தான். நுண்ணலைகள் அறைக்குள் நுழையும் வாயை மூடியிருக்கும் அந்தத் தகட்டில் எண்ணெயும் குழம்பும் தெறித்துக் காய்ந்தால், அந்த இடம் கருகிப் பொறி விடத் தொடங்கும். அதற்கு அளவாக வெட்டிப் பொருத்தும் ஷீட்டின் விலை மிகக் குறைவு. ஆனால் பொறி பறப்பதைப் பார்த்த பிறகும் "பால் சூடாகிறதே" என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் அறையின் சுவர் எரிந்து துளை விழும், மேக்னெட்ரானும் கெடும். சிறிய செலவு பெரிய செலவாக மாறுவது பெரும்பாலும் இந்த ஒரு அலட்சியத்தால்தான்.

கதவைத் திறக்கும்போதோ மூடும்போதோ ஃபியூஸ் போகிறது என்றால், அது தற்செயல் அல்ல. கதவின் பின்னால் பொதுவாக மூன்று சுவிட்சுகள் இருக்கும். கதவு திறந்த நிலையிலும் ஓவன் ஓடும்படி முதல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், கண்காணிப்புக்கென்று இருக்கும் சுவிட்ச் வேண்டுமென்றே ஃபியூஸை எரித்து ஓவனை நிறுத்திவிடும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே அங்கே ஃபியூஸ் போனது உங்களைக் காப்பாற்றியதற்கான அடையாளம். ஃபியூஸை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அது மீண்டும் போகும். ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிக் கொடுத்தாலோ கதவு சுவிட்சை நேரடியாக இணைத்துக் கொடுத்தாலோ, அந்த ஓவனை ஏற்காதீர்கள். மூன்று சுவிட்சுகளையும் ஒன்றாக மாற்றுவதே சரியான வேலை. அதற்கு ஆகும் செலவும் பெரிதல்ல.

சில நிமிடம் ஓடிவிட்டுத் தானாக நின்று, ஆறிய பிறகு மீண்டும் ஓடுகிறது என்றால் உள்ளே வெப்பம் மிகுந்து பாதுகாப்புச் சுவிட்ச் இயங்குகிறது. மாடுலர் கிச்சன் அலமாரிக்குள் நான்கு புறமும் இறுக்கமாக ஓவனைச் செருகி வைத்திருக்கும் வீடுகளில் இதை அடிக்கடி காணலாம். சென்னையின் சித்திரை, வைகாசி வெயிலில் சமையலறையே கொதிக்கும்போது, காற்றுப் போக வழியில்லாத ஓவன் என்ன செய்யும்? கையேட்டில் குறிப்பிட்டுள்ள இடைவெளியை விட்டு வெளியே வைத்துச் சில நாள் பாருங்கள். அப்போதும் நின்றால் விசிறியைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

பட்டன்கள் தாமாக அழுந்துவதும், எண்கள் மாறி விழுவதும், ஓவன் தானாக ஓடத் தொடங்குவதும் பேனல் அல்லது போர்டு சார்ந்த கோளாறுகள். தானாக ஓடும் ஓவனை உடனே பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு: போர்டின் கதகதப்பைத் தேடிக் கரப்பான் பூச்சிகள் உள்ளே குடியேறிவிடும், சில வேளைகளில் பல்லி புகுந்து இரண்டு முனைகளுக்கு இடையில் சிக்கி ஷார்ட் ஆகிவிடும். இத்தகைய போர்டுகளைச் சுத்தம் செய்து, எரிந்த ரிலேயை (போர்டில் உள்ள மின்சுவிட்சை) மட்டும் மாற்றிச் சரிசெய்து தருபவர்கள் இருக்கிறார்கள். புது போர்டு மாடலுக்கு மாடல் வேறுபடும், விலையும் அதிகம், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்குக் கிடைக்காமலும் போகலாம். ஆகையால் "போர்டு போச்சு, மாத்தணும்" என்று சொன்னால், போர்டையே சரிசெய்ய முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

சூடாகாத ஓவன்

விளக்கு எரிகிறது, தட்டு சுழல்கிறது, நேரம் குறைகிறது, ஆனால் சாம்பார் குளிர்ந்தபடியே இருக்கிறது என்பதுதான் முடிவெடுக்கக் கடினமான நிலை. முற்றிலும் சூடாகவில்லை, அத்துடன் வழக்கத்தைவிடப் பலத்த உறுமல் கேட்கிறது என்றால், டயோடு, கப்பாசிட்டர், மேக்னெட்ரான் ஆகியவற்றில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். டயோடும் கப்பாசிட்டரும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். மேக்னெட்ரான் மட்டும் அப்படியல்ல. சூடாகவில்லை என்றவுடன் சோதிக்காமலேயே "மேக்னெட்ரான் மாற்ற வேண்டும்" என்று சொல்பவரிடம், டயோடையும் கதவு சுவிட்சுகளையும் சோதித்தாரா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மெதுவாகச் சூடாகிறது என்ற சந்தேகத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். நுண்ணலையில் வைக்கத்தக்க கண்ணாடிப் பாத்திரத்தில் சரியாக 1 லிட்டர் தண்ணீர் எடுத்து, சமையல் வெப்பமானியால் அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். உடல் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு ஆகாது. முழுத் திறனில் 2 நிமிடம் ஓட்டி, தண்ணீரை நன்றாகக் கலக்கிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியதோ, அதை 35-ஆல் பெருக்கினால் ஓவன் தண்ணீருக்குக் கொடுக்கும் திறன் வாட்டில் கிடைக்கும். 20 டிகிரி ஏறினால் 700 வாட். 16 டிகிரி ஏறினால் 560 வாட். இதை ஓவனின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் வெளியீட்டுத் திறனுடன் ஒப்பிட வேண்டும். அங்கே இரண்டு எண்கள் இருக்கும். மின்சாரத்திலிருந்து இழுக்கும் திறன் பெரிய எண், மைக்ரோவேவ் வெளியீடு சிறிய எண். ஒப்பிட வேண்டியது சிறிய எண்ணுடன்.

பாத்திரமும் சிறிது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் பத்து, பதினைந்து சதவீதக் குறைவைப் பொருட்படுத்த வேண்டாம். 800 வாட் ஓவன் 560 வாட்டுக்கும் கீழே காட்டினால் மேக்னெட்ரான் தளர்ந்துவிட்டது என்று எண்ண இடமுண்டு. ஆனால் கோடை இரவில் தெரு முழுவதும் ஏசி ஓடும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை ஓவன்களில் வோல்டேஜ் சற்றுக் குறைந்தாலும் வெளியீடு வெகுவாகக் குறைந்துவிடும். காலையில் செய்து பார்த்து, அப்போதும் குறைவாக இருந்தால் நம்பலாம்.

கணக்குப் போடும்போது பலரும் தங்களிடம் இருக்கும் ஓவனின் புது விலையோடு பழுதுச் செலவை ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் ஓவனின் விலையோடு. 28 லிட்டர் கன்வெக்ஷன் ஓவன் வைத்திருந்தும், சோற்றைச் சூடாக்கவும் பாலைக் காய்ச்சவும் அப்பளம் சுடவும் மட்டுமே அதைப் பயன்படுத்தும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு ஏறத்தாழ 5,000 முதல் 7,000 ரூபாய்க்குள் கிடைக்கும், நுண்ணலையால் மட்டுமே சூடாக்கும் 20 லிட்டர் சோலோ ஓவன் போதும். மேக்னெட்ரானையும் கூலியையும் சேர்த்து 3,000 ரூபாய் கேட்டால், 12,000 ரூபாய்க்கு மேல் விற்கும் கன்வெக்ஷனோடு ஒப்பிடும்போது அது மலிவாகத் தோன்றும். சோலோவோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதி விலை. கேக்கும் தந்தூரியும் வாரந்தோறும் செய்யும் வீட்டில் அதே 3,000 ரூபாயைத் தயங்காமல் செலவழிக்கலாம். ஓவன் வாங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால், உங்களுக்குத் தேவைப்படும் ஓவனின் விலையில் பாதி வரையும், அதைக் கடந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரையும் பழுதுக்குச் செலவழிக்கலாம் என்பது என் அளவுகோல். இன்வெர்ட்டர் வகை ஓவன்களில் கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக ஒரு மின்னணுப் பலகை இருக்கும். அது கெட்டால் செலவு கூடுதல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரிசெய்யக் கூடாதவை

கதவு நெளிந்திருந்தாலும், கீல் தளர்ந்து ஒரு பக்கம் தொங்கினாலும், கண்ணாடிக்குப் பின்னாலுள்ள உலோக வலை கிழிந்திருந்தாலும், உள்ளறையில் துரு துளையாகிவிட்டிருந்தாலும் ஓவனை அன்றே நிறுத்திவிடுங்கள். நுண்ணலையின் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். அதனால்தான் சிறு துளைகள் கொண்ட வலை அதைத் தடுத்து நிறுத்துகிறது. வலை கிழிந்தாலோ கதவின் விளிம்பு சரியாகப் பொருந்தாவிட்டாலோ அந்தத் தடுப்பு குலைகிறது. ஓவனின் புறப்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்பதே கசிவுக்குப் பன்னாட்டுத் தரம் அனுமதிக்கும் உச்ச அளவு. கதவையே மாற்றிக் கொடுக்கும் சர்வீஸ் சென்டர்களும் உண்டு. அப்படி மாற்றினால் கசிவு மீட்டர் கொண்டு அளந்து காட்டச் சொல்லுங்கள். செல்போனை உள்ளே வைத்து அழைத்துப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். மிகச் சிறிய சமிக்ஞையையும் செல்போன் பிடித்துவிடும் என்பதால், நல்ல ஓவனுக்குள்ளும் அது மணி அடிக்கலாம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றால் உள்ளறையின் அடிப்பகுதி சீக்கிரம் துருப்பிடிக்கும். பெயின்ட் சிறிது உரிந்திருக்கும் கட்டத்திலேயே கவனித்தால், தேய்த்துச் சுத்தம் செய்து ஓவன் அறைக்கென்றே உள்ள பெயின்ட்டைப் பூசி நிறுத்திவிடலாம். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் அங்கே கூடாது.

வெள்ளத்தில் மூழ்கிய ஓவனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்கும் பிறகு வீட்டுப் பொருட்களை வெயிலில் உலர்த்திப் பார்த்தவர்கள் சென்னையில் ஏராளம். தரைத்தளச் சாக்கடை நீரில் மூழ்கிய ஓவனின் டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள்ளும் கதவு சுவிட்சுகளுக்குள்ளும் சேறும் உப்பும் தங்கிவிடும். வெளியே காய்ந்திருப்பது உள்ளே காய்ந்ததாகாது. உயர் மின்னழுத்தப் பகுதிவரை தண்ணீர் ஏறியிருந்தால் அதை மீண்டும் பிளக்கில் போடாமல் கழித்துவிடுவதே நல்லது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கிரில் போட்டவுடன் ஆர்சிசிபி விழுகிறது என்பது வேறு. பல நாள் பயன்படுத்தாத ஹீட்டர் கம்பி ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம். மெக்கானிக் அதைச் சோதித்துச் சொல்ல முடியும்.

சரிசெய்யக் கொடுக்கும்போது

உத்தரவாத அட்டையை முதலில் தேடி எடுங்கள். ஓவன் முழுவதற்கும் ஓராண்டு என்று இருந்தாலும், சில நிறுவனங்கள் மேக்னெட்ரானுக்கும் உள்ளறைக்கும் மட்டும் தனியே நீண்ட உத்தரவாதம் தருகின்றன. இது தெரியாமல் முழு விலையும் கொடுப்பவர்கள் உண்டு. சர்வீஸ் சென்டரின் எண்ணை இணையத் தேடலில் முதலில் தோன்றும் விளம்பரத்திலிருந்து எடுக்காமல், கையேட்டிலிருந்தோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தோ எடுங்கள். போலி சர்வீஸ் எண்களால் ஏமாறுவது இப்போது மிகச் சாதாரணமாகிவிட்டது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய ரைட் டு ரிப்பேர் (பழுதுபார்க்கும் உரிமை) இணையதளத்தில் பல நிறுவனங்களின் சர்வீஸ், உத்தரவாத விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும்.

உத்தரவாதம் முடிந்த ஓவனை அனுபவமுள்ள உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுப்பதில் தவறே இல்லை. டயோடு, கப்பாசிட்டர், மோட்டார், ஃபியூஸ் போன்ற பொதுவான பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் கிடைக்கின்றன. மேக்னெட்ரானில் மட்டும் கவனம் தேவை. பழையதன் மேல் பொறித்திருக்கும் எண்ணோடு புதியது பொருந்த வேண்டும். ஸ்க்ரூ துளைகளும் ஒயர் முனை நோக்கும் திசையும்கூட ஒத்திருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் எந்தப் பாகம், எவ்வளவு விலை, கூலி எவ்வளவு, எத்தனை நாள் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். மூன்று மாதப் பொறுப்பாவது இல்லாமல் மேக்னெட்ரான் மாற்றாதீர்கள். நிறுவன சர்வீஸில் தீராத தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

புதியது என்று முடிவானால்

அவசரம் இல்லையென்றால் ஆடித் தள்ளுபடிக்கோ தீபாவளிச் சலுகைக்கோ காத்திருக்கலாம். மைக்ரோவேவ் ஓவன்கள் மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணைக்குள் வருவதால், பின்புற லேபிளில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் பகுதியில் அந்த நிறுவனத்துக்கு சர்வீஸ் இருக்கிறதா என்பதையும் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

பழைய ஓவனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கழிக்கும் தொகையை பில்லில் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஓடாத ஓவனை எடுப்பார்களா என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். காயலான் கடைக்குப் போட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே அதைச் சுத்தியலால் உடைத்துச் செம்பையும் காந்தத்தையும் பிரித்தெடுப்பார்கள். கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். சில மேக்னெட்ரான்களின் பீங்கான் வளையத்தில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், அது உடைந்து பொடியானால் மூச்சுவிடும்போது நுரையீரலுக்குள் போகும். உடைக்கும் தொழிலாளிக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் பழைய பொருட்களின் மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளரையே பொறுப்பாக்குகின்றன. நிறுவனத்தின் இணையதளத்தில் அதற்கான தொடர்பு விவரம் இருக்கும். இல்லாவிட்டால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்துச் செல்ல ஆள் வரும்வரை அதன் கதவைக் கயிற்றால் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், மழை படாமல் வைத்திருங்கள்.